அண்ணன் பெயரோடு தங்கை பெயர் பொருந்தட்டும், ஒட்டிக்கொள்ள வேண்டாம்

இரண்டாவது குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "பெரியவன் பேரு கவின். அதுக்கு மேட்ச் ஆகிற மாதிரி ஒரு பேரு சொல்லுங்க." உடனே நவின், பிரவின், கவினா, கவினிகா என்று வரிசையாக வந்து விழும். அந்த வரிசையில் இருக்கிற எதையும் வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயரை நாம் தேர்ந்தெடுப்பது தாளில் எழுதிப் பார்த்து. பயன்படுத்துவதோ வாயால், அதுவும் பெரும்பாலும் அடுத்த அறையிலிருந்து கத்தி. கவின் என்று யாரும் கூப்பிடுவதில்லை, "கவினூ" என்று கடைசியை இழுத்துத்தான் கூப்பிடுவோம். நவினும் அப்படியே "நவினூ" ஆகிவிடும். தூரம் போகப் போக, இடையில் ஒரு சுவர் வர வர, மெய்யெழுத்தின் ஓசை மழுங்கும், உயிரோசைதான் தாக்குப்பிடிக்கும். அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைக்கு எட்டுவது "-வினூ" மட்டும். இரண்டு பேரும் திரும்புவார்கள், அல்லது இரண்டு பேருமே "என்னைக் கூப்பிடல" என்று இருந்துவிடுவார்கள். ஒரு நாள் என்றால் சிரிக்கலாம். பத்துப் பதினைந்து வருடம் தினமும் நடக்கப் போகிற விஷயம் இது.

கூப்பிடுகிறவருக்கும் இதே தொல்லைதான். பெற்றோர் பிள்ளைகளின் பெயரை மாற்றிக் கூப்பிடுவது பற்றி டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓசை ஒத்த பெயர் உள்ள உடன்பிறப்புகளிடம் இந்தத் தவறு கூடுதலாக நடப்பதை அதில் காட்டியிருக்கிறார்கள். 2016இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,700க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எழுதிய கட்டுரையும் ஏறக்குறைய அதையே சொல்கிறது: குடும்பத்துக்குள் இருக்கிற பெயர்கள்தான் ஒன்றுக்கொன்று மாறி வாயில் வரும், தொடக்கமோ முடிவோ ஒத்திருந்தால் இன்னும் எளிதாக மாறும். பிள்ளையைக் கூப்பிடப் போய் வளர்ப்பு நாயின் பெயரைச் சொல்லிவிடுவதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. ஆகவே தவறு எப்படியும் வரத்தான் போகிறது. எதுகை மோனை பார்த்துப் பெயர் வைப்பது அதற்கு நாமே வழி திறந்து விடுவது.

அப்படியென்றால் ஓசையில் எதைப் பார்ப்பது? இரண்டு இடத்தைப் பாருங்கள். முதல் அசையின் உயிர், கூப்பிடும்போது இழுபடுகிற கடைசி ஓசை. இந்த இரண்டில் ஒன்றாவது வேறாக இருக்க வேண்டும், இரண்டுமே வேறாக இருந்தால் நல்லது. கவின், நிலா: சிக்கலே இல்லை. முகில், எழில்: எழுத்தில் வேறு வேறாகத் தெரியும், கூப்பிட்டால் "முகிலு", "எழிலு". கொஞ்சம் யோசிக்க வேண்டிய ஜோடி. தர்ஷினி, வர்ஷினி, ஹர்ஷினி வேண்டவே வேண்டாம்.

தமிழில் இன்னொரு பொறி இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. அன் என்று முடிகிற பெயரை விளித்தால் ஆ என்று மாறும். அகிலனை "அகிலா" என்போம், இனியனை "இனியா" என்போம், முகிலனை "முகிலா" என்போம். அண்ணன் பெயர் அகிலன் என்பதற்காகத் தங்கைக்கு அகிலா என்று வைத்தால், அந்த வீட்டில் இரண்டு அகிலா. பையன் பெயரிலிருந்து பெண் பெயரையோ, பெண் பெயரிலிருந்து பையன் பெயரையோ உருவாக்குவதை நான் எப்போதும் வேண்டாம் என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், ஒரு பிள்ளையின் பெயர் இன்னொரு பிள்ளையின் பெயருக்கு வால் மாதிரி ஆகிவிடுகிறது. தன் பெயர் தனக்காக யோசிக்கப்பட்டது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தோன்ற வேண்டும்.

அடுத்தது சுருக்கப் பெயர். முழுப்பெயர் எவ்வளவு வித்தியாசமாக இருந்தாலும் வீட்டில் அது இரண்டு எழுத்தாகக் குறுகிவிடும். யாழினியும் யாழிசையும் "யாழு". இளமாறனும் இளவேனிலும் "இளா". ஆதவனும் ஆதிராவும் "ஆதி". தமிழ்ச்செல்வனும் தமிழரசியும் "தமிழு". ஆகவே பெயரைப் பரிசீலிக்கும்போது பிறப்புச் சான்றிதழில் இருக்கிற பெயரோடு ஒப்பிடாதீர்கள். பெரிய பிள்ளையை வீட்டிலும் நண்பர்களும் உண்மையில் எப்படியெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று எழுதுங்கள், மூன்று நான்கு வடிவம் தேறும். புதுப் பெயர் எப்படியெல்லாம் குறுகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பாருங்கள். "சின்னதாக் கூப்பிட மாட்டோம், முழுப்பேரும் சொல்லித்தான் கூப்பிடுவோம்" என்று முடிவெடுத்துப் பயனில்லை. நீங்கள் கூப்பிடாவிட்டால் பள்ளியில் கூப்பிடுவார்கள்.

பிறகு இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "கவினும் நிலாவும் வந்தாங்களா?" என்பது போல உம் போட்டு ஒரு வாக்கியம், உம் இல்லாமல் ஒரு வாக்கியம், கோபத்தில் ஒரு வாக்கியம். பெயர்கள் சந்திக்கிற இடத்தில்தான் சில சமயம் இடறும். "மீரா, ராகவி" வேகமாகச் சொன்னால் மீராராகவி. "கவின், இனியா" கவினினியா ஆகி, எங்கே ஒரு பெயர் முடிகிறது என்றே தெரியாது. வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்தான், ஆனால் பெரியவன் பெயரை முதலில் சொல்லும் பழக்கம் மாறாது.

முதல் எழுத்து இதுதான் என்று முன்பே முடிவாகிவிட்ட குடும்பங்களும் உண்டு. அப்போது நீளத்தையும் முடிவையும் மாற்றுங்கள். கவினுக்குப் பிறகு கனிமொழி வரலாம், கயல் அவ்வளவு உசிதமில்லை. ஆனால் முன்னெழுத்தும் (இனிஷியல்) பெயரின் முதலெழுத்தும் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருந்தால், முதலெழுத்துகளை மட்டும் போடுகிற இடங்களிலெல்லாம் (பை, பெட்டி, கடிதம், பார்சல்) யாருடையது என்ற கேள்வி வரும். இரட்டையர் என்றால் இது வெறும் தொந்தரவோடு முடியாது. பிறந்த தேதி ஒன்று, முகவரி ஒன்று, பெற்றோர் ஒன்று. மருத்துவப் பதிவேட்டில் இருவரையும் பிரித்துக் காட்ட மிஞ்சுவது பெரும்பாலும் பெயர்தான். இரட்டையருக்குத்தான் எல்லாரும் ரோஹித், மோஹித் என்று ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்குத்தான் அது கூடவே கூடாது.

சரி, ஓசை ஒன்ற வேண்டாம் என்றால் பொருத்தம் எங்கிருந்து வரும்? ஒரே வீட்டுப் பெயர்கள் என்று காதில் படுவதற்குப் பெயர்களின் மரபு ஒன்றாக இருந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. கவின், நிலா, பூங்குழலி மூன்றும் எந்த எழுத்திலும் ஒன்றவில்லை, ஆனாலும் அவை ஒரு வீட்டுப் பெயர்கள். கவின், ஸ்ரீவத்சன் என்று சொல்லும்போது ஏதோ இடைவெளி தெரிகிறது. தவறு இல்லை, பெற்றோரின் மனம் நடுவில் மாறியிருக்கிறது என்று மட்டும் புரியும். அடுத்தது நீளம். ஒன்று இரண்டு அசை, இன்னொன்று மூன்று நான்கு என்றால் நன்றாகவே இருக்கும். ஒருவன் சிவகார்த்திகேயன், இன்னொருவன் வேலு என்றால் சின்னவனுக்கு ஏதோ குறைத்துக் கொடுத்தது போலத் தோன்றும்.

பொருளில் கவனிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. இயற்கையிலிருந்து பெயர் எடுப்பது இப்போது பலருக்குப் பிடிக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆனால் தொகுதி எங்கே முடிகிறது என்று பாருங்கள். பூ, மரம், பறவை, ஆறு இவற்றுக்கு முடிவே இல்லை, எத்தனை பிள்ளை வந்தாலும் பெயர் கிடைக்கும். சூரியன், சந்திரன் என்றால் தொகுதி இரண்டோடு மூடிவிடும், மூன்றாவது பிள்ளை வெளியே நிற்கும். முதல் பிள்ளைக்கு இயல், இரண்டாவதுக்கு இசை என்று அழகாக வைத்துவிட்டு, மூன்றாவது வந்தால் நாடகம் என்றா வைக்க முடியும்? இன்னொரு குழந்தை வர வாய்ப்பு இருக்கிறது என்றால் மூடிய தொகுதியை ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் மூன்றாவதுக்கு அதை ஒட்டிய பெயரைத் தேடி அலையாமல், வேறு பொருளில் நல்ல பெயராக வையுங்கள். ஒட்டவைத்த பெயரைவிடத் தனித்து நிற்கிற பெயர் மேல்.

இதிகாசத்திலிருந்தும் இலக்கியத்திலிருந்தும் பெயர் எடுக்கிறவர்கள், அந்த இருவருக்கும் என்ன உறவு என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். நளனும் தமயந்தியும் கணவன் மனைவி. ஆதிமந்தியும் ஆட்டனத்தியும் அப்படித்தான். தனித்தனியாக அருமையான பெயர்கள், அண்ணன் தங்கைக்கு வைத்தால் வகுப்பில் கேலிதான் மிஞ்சும். கர்ணனும் அர்ஜுனனும் உடன்பிறந்தவர்கள்தான், ஆனால் ஒருவன் கையால் ஒருவன் செத்தவன். உடன்பிறப்பாகவே நிலைத்த பெயர்கள் இருக்கின்றன: குந்தவை, அருள்மொழி. பின்னாளில் முதலாம் இராசராசன் ஆன அருள்மொழிக்கு அக்கா குந்தவை. ஓசையிலும் துளிகூட மோதாது. பாரியின் மகள்களாகச் சொல்லப்படும் அங்கவை, சங்கவை அழகுதான், ஆனால் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்.

பெயர்களுக்குள் ஏற்றத்தாழ்வும் வேண்டாம். பெரியவள் அரசி, சின்னவள் மலர் என்றால் பரவாயில்லை. பெரியவன் வேந்தன், சின்னவன் அடியான் என்றால் அந்தப் பிள்ளை பொருள் தெரிகிற வயதில் வந்து கேட்கும். மகனுக்கு வெற்றி, வீரம், அறிவு என்றும், மகளுக்கு மென்மை, அழகு என்றும் பிரித்து வைப்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். ஒரே வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அது பளிச்சென்று தெரியும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே முறையைப் பிடியுங்கள். ழகரத்துக்குப் பெரியவள் பெயரில் இசட் எச் போட்டிருந்தால் சின்னவன் பெயரிலும் அதையே போடுங்கள். நெடிலுக்கு இரண்டு ஏ போட்டிருந்தால் இரண்டு பேருக்கும் போடுங்கள். இதைவிட முக்கியம், அப்பா அம்மா பெயர் எல்லாப் பிள்ளைகளின் ஆவணத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது. ஒரு பிள்ளைக்கு முன்னெழுத்து மட்டும், இன்னொன்றுக்கு அப்பாவின் முழுப்பெயர், அதிலும் ஓர் எழுத்து கூடுதல் என்றிருந்தால், இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டிய இடத்தில் அலைச்சல். புதுப் பிறப்புப் பதிவுப் படிவத்தை நிரப்பும்போது பெரிய பிள்ளையின் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுங்கள்.

கடைசியாக, பெரிய பிள்ளை. புதுப் பெயரை அதிகம் சொல்லப் போவது அதுதான். மூன்று வயதுக் குழந்தைக்கு ர, ழ எல்லாம் முழுதாக வராது, யாழினி "யாயினி" ஆகும், அந்த யாயினி நிலைத்தும் விடலாம். அது உங்களுக்குச் சம்மதமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். "பாப்பாவுக்கு என்ன பேரு வைக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கார்ட்டூன் பெயர் ஒன்றைச் சொல்லும், மறுத்தால் அழும். மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்து நீங்கள் முடித்து வைத்த இரண்டு பெயரைச் சொல்லி, எது பிடிக்கிறது என்று கேளுங்கள். இதுவரை பெரியவளையே "பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால், குழந்தை பிறப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அவளை அவள் பெயரால் கூப்பிடத் தொடங்குங்கள். புதுக் குழந்தை வந்த அன்று மாற்றினால், தன் பெயரைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பாள்.