சின்ன நிகழ்வு என்று ஒதுக்காதீர்கள்
அணுமின் நிலைய நிகழ்வுகளின் தீவிரத்தை 0 முதல் 7 வரை குறிக்கும் சர்வதேச அளவுகோலில் 0, 1 என்று கீழ்மட்டத்தில் பதிவாகும் நிகழ்வுகளைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. மக்கள் பயப்பட வேண்டாம், சரி. உலை தானாக நின்றாலே விபத்து என்று அலறுவதும் தப்புதான், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கத்தானே அந்த ஏற்பாடே இருக்கிறது.

ஆனால் நிலையத்தை நடத்துபவர்களும் அப்படியே விட்டுவிட்டால்? 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த வால்வு மூடாமல் மாட்டிக்கொண்டது, கட்டுப்பாட்டு அறை விளக்கோ மூடச் சொல்லி உத்தரவு போனதை மட்டும்தான் காட்டியது, வால்வு உண்மையில் மூடியதா என்பதை அல்ல. அந்த வால்வு வழியே தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது, ஊழியர்களோ பிரஷரைசரில், அதாவது உலை நீரின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் தொட்டியில், நீர்மட்டம் ஏறியதைப் பார்த்து, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து அவசரக் குளிர்விப்பைக் குறைத்தார்கள், எரிபொருள் இருக்கும் உலை மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், 1977 செப்டம்பரிலேயே ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில், அதே நிறுவனம் வடிவமைத்த உலையில், இதே வேலை செய்யும் வால்வு இதே மாதிரி மாட்டி, ஊழியர்களும் இதே மாதிரி குளிர்விப்பைக் குறைத்திருக்கிறார்கள். உலை அப்போது 9 சதவீதத் திறனில்தான் ஓடியது, கோளாறையும் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால் சேதமில்லை. அப்புறம் உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் எச்சரித்துக் குறிப்பு எழுதியும் அது மற்ற நிலையங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒவ்வொரு நிகழ்வுக்கும் காரணம் என்ன, அதே வடிவமைப்புள்ள மற்ற நிலையங்களுக்குத் தெரிவித்தார்களா, இதையும் கேட்டு எழுதுங்கள்.