தீக்குறளை

ஜனவரி வந்தால் போதும், முகநூல் முழுக்கப் பட்டியல்கள். போன வருடம் 52 புத்தகம் படித்தேன், 80 படித்தேன் என்று அட்டைப் படங்களை அடுக்கிப் போடுகிறார்கள். பொறாமையெல்லாம் இல்லை (கொஞ்சம் இருக்கிறது). நான் இந்த மார்கழியில் படித்தது மொத்தமே 240 வரி. திருப்பாவை முப்பது பாட்டு, பாட்டுக்கு எட்டு வரி. ஒரு நாளைக்கு ஒரு பாட்டுதான், அடுத்த பக்கம் புரட்டக் கூடாது என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

எங்கள் வீட்டில் வைணவப் பரம்பரையெல்லாம் கிடையாது. அம்மாயி (அம்மாவின் அம்மா) இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி இந்த நீலகிரி மலைக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அங்கே மார்கழி விடியற்காலையில் சாமி படத்தைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக (லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பஜனை போன கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பாட்டு வாயில் வரிசையாக வரும்.

நான் இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். நோன்புக்கு என்னென்ன செய்வோம், என்னென்ன செய்யமாட்டோம் என்று ஆண்டாள் சொல்கிற பாட்டு அது. 'நாட்காலே நீராடி' என்று ஒரு வார்த்தை. வில்லிபுத்தூரில் இருந்துகொண்டு சுலபமாகச் சொல்லிவிட்டார். எங்கள் ஊர் கேத்திக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். இங்கே மேகமே இல்லாமல் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற ராத்திரியில்தான் பயம். தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும், குளிர்ந்த காற்று கனத்துப்போய்ப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. கேரட் போட்டிருப்பவர்கள் வெயில் ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிடுகிற நேரத்தில் நான் கீசர் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த முப்பது நாளில் இருபத்தோரு நாள் விடியலுக்கு முன் குளித்தேன். மீதி நாளைக் கண்ணன் மன்னிக்கட்டும்.

மற்றபடி நெய் வேண்டாம், பால் வேண்டாம், மை வேண்டாம், பூ வேண்டாம், எல்லாம் எனக்குச் சுலபம். நெய் விற்கிற விலைக்கு வருடம் பூராவும் நோன்புதான். அதற்கு அடுத்து 'தீக்குறளை சென்றோதோம்' என்று ஒன்று வருகிறது. குறளை என்றால் கோள். போய்க் கோள் சொல்லமாட்டோம். சரி, நாம் எங்கே கோள் சொல்கிறோம் என்று கடந்து போய்விட்டேன்.

மூன்றாம் நாள் பாட்டில்தான் உட்கார்ந்துவிட்டேன். 'தீங்கின்றி நாடெல்லாம் திங்கள் மும்மாரி பெய்து.' மாதம் மூன்று மழை என்பதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். கல்யாண வாழ்த்து மடலில்கூட மும்மாரி வருகிறது. முதல் சொல்லை யாரும் கண்டுகொள்வதில்லை. தீங்கின்றி. 2009 நவம்பரில் ஒரே நாளில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மலை முழுக்க மண் சரிந்தது, நாற்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அன்று ராத்திரி நாங்கள் யாரும் படுக்கவில்லை, செருப்புப் போட்டபடி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கும் ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போலப் பெய்தால் என் கண் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண் திட்டுக்குத்தான் போகும். மழை வேண்டும் என்று வேண்டுவதற்கு முன்பே தீங்கு வேண்டாம் என்று வேண்டத் தோன்றியிருக்கிறது அந்தப் பெண்ணுக்கு. அடுத்த பாட்டிலும் அம்பு மாதிரி மழை பெய்யச் சொல்லிவிட்டு, 'வாழ உலகினில் பெய்திடாய்' என்று நிபந்தனை போடுகிறார். அம்பு மாதிரிதான் பெய்ய வேண்டும், ஆனால் நாங்கள் பிழைத்திருக்க வேண்டும். மலைக்காரர்கள் கேட்க வேண்டிய வரம் இது. முப்பது பாட்டையும் ஒரே மூச்சில் ஒப்பித்திருந்தால் இந்த ஒரு சொல் என் கையில் சிக்கியிருக்காது.

ஆறாம் நாள், குன்னூர் பஸ். பக்கத்து சீட்டில் கூட வேலை செய்கிற பெண். எதிர்வீட்டு அக்காவின் மகள் புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்துவிட்டதை அவளிடம் சொன்னேன். "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று வேறு சொன்னேன். பொய் ஒன்றும் இல்லை, நடந்ததைத்தான் சொன்னேன் என்று அப்புறம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஆண்டாள் அந்த இடத்தில் பொய்யைப் பற்றியே பேசவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. அவர் சொல்வது தீமை செய்கிற பேச்சை. அதைத் தேடிப் போய்ச் சொல்வதை. இப்போது போகக்கூட வேண்டாம். நான் பஸ்ஸில் சொன்னது, அடுத்தவள் போனில் சொன்னது, அதற்கு அடுத்தவள் கையும் காலும் ஒட்டவைத்தது, எல்லாம் நான்கு நாளில் சுற்றி அக்கா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

அவர்கள் கிறிஸ்தவர்கள். வருடா வருடம் கிறிஸ்துமஸ் அன்று கல்கலா, அச்சுமுறுக்கு, ஒரு துண்டு கேக், எல்லாம் எவர்சில்வர் தட்டில் பூத்துணி மூடி வரும். இந்த வருடம் வரவில்லை. எதனால் என்று என் மகன் கேட்டான். எனக்குத் தெரிந்திருந்தது.

ஆறிலிருந்து பதினைந்து வரை பத்துப் பாட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்த் தோழிகளை எழுப்புகிற பாட்டு. அம்மாயியின் பஜனையும் அப்படித்தான், வாசல் வாசலாக. நானோ போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் பாட்டில் 'பனித்தலை வீழ நின் வாசற்கடை பற்றி' என்று வருகிறது. தலையில் பனி விழ உன் வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்கிறார்கள். அன்று காலையே நான் போய் அக்கா வாசலில் நின்றேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எழுதலாம்தான். ஆனால் போனது பதினெட்டாம் நாள், புத்தாண்டு கழிந்து. ஆறு நாள் தைரியம் வரவில்லை.

கதவைத் திறந்தார். சொல்ல நினைத்து வைத்திருந்ததில் பாதிதான் வந்தது. "நான்தான் பஸ்ல சொன்னேன்க்கா" என்றேன். ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "பனி கொட்டுது, உள்ளே வா" என்றார். காபி கொடுத்தார். மகள் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், திரும்பவில்லை. வேறு எதுவும் பேசவில்லை.

இருபத்தேழாம் நாள் கூடாரவல்லி. அன்றைய பாட்டில் வருகிற மாதிரி முழங்கை வழிய நெய் என்கிற அளவுக்கெல்லாம் இல்லை, குக்கரில் வைத்த அக்காரவடிசல்தான். 'கூடியிருந்து குளிர்ந்து' என்பதைக் கேத்தியில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஒரு தூக்கு நிறையப் போட்டு மகனிடம் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். பொங்கலும் போய்விட்டது. தூக்கு இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. நான் கேட்கவில்லை.