டியோ அடித்தால் வியர்க்காது என்பது தவறு

சைக்கிளில் ஆபீஸ் போகிறவர்கள் கிளம்பும் முன் டியோ (டியோடரன்ட் ஸ்ப்ரே) அடித்துக்கொண்டால் வியர்க்கவே வியர்க்காது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. டியோ நாற்றத்தைத்தான் குறைக்கும். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட், அதில் அலுமினிய உப்பு இருக்கும், அதையும் இரவில் காய்ந்த அக்குளில் தடவினால்தான் நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, புது வியர்வைக்குக் கிட்டத்தட்ட வாசனையே கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது, அதனால் காலையில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, துவைத்த பனியனோடு ஓட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நேற்றுப் போட்ட பாலியஸ்டர் டிஷர்ட்டை மட்டும் மறுபடி போடாதீர்கள், பருத்தியைவிட அதில்தான் நாற்றம் அதிகம் தங்கும்.

சென்னைப் புழுக்கத்தில் வியர்வை லேசில் காயாது, வண்டியை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் வழிந்துகொண்டேதான் இருக்கும். போனவுடனே சட்டை மாற்றினால் அதுவும் நனைந்துவிடும். பத்து நிமிடம் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள், அப்புறம் ஈரத்துண்டால் முகம், கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்துவிட்டு மாற்றுங்கள். பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டினால் முதுகு அவ்வளவு நனையாது. ஆபீஸில் ஷவர் இல்லையே என்று யாரும் சைக்கிளை விட்டுவிட வேண்டாம், ப்ளீஸ்.