மின்மினியைக் கொடுத்துவிடாதீர்கள்

"வீட்டில் வளர்க்கும் பியர்டட் டிராகன் ஓணானுக்குத் தோட்டத்தில் பிடித்த எந்தப் பூச்சியும் கொடுக்கலாம், இயற்கைதானே" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தவறு, தம்பி. சிலாங்கூரில் நம் பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இப்போது பெஸ்தாரி ஜெயா), மின்மினிக்குப் பேர்போன கம்போங் குவாந்தான் தூரமில்லை. ஆற்றோரம் முழுக்க மின்மினி. சில வகை மின்மினிகளில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஒன்றே ஒன்று தின்று செத்த பியர்டட் டிராகன்கள் உண்டு. அது ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து ஓணான், இது ஆபத்து என்று அதற்குத் தெரியாது. செம்பனைக்கு மருந்தடித்த இடத்து வெட்டுக்கிளியும் வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் வளர்ப்புப் பூச்சியில் கால்சியம் பொடி தூவிக் கொடுங்கள்.

அப்புறம், வளர்ந்த பிராணிக்குப் பூச்சியைவிடக் கீரைதான் அதிகம் வேண்டும். சாவி என்னும் கடுகுக்கீரை வகை கொடுக்கலாம். பாயாம் என்னும் தண்டுக்கீரை வகை தினமும் கூடாது, அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது.