மூணு வரிசைத் தென்னைக்குக் குத்தகை யாரு தருவாங்க?

போன வாரம் மாமன் தோப்புல கயிறு புடிச்சு அளந்து பார்த்தோம். அவர் நிலத்துல கேஸ் குழாய் எதுவும் போகலை. ஆனாலும் குழாய் போனா 20 மீட்டர் அகலத்துக்கு மரமில்லாத பட்டையா விடணும்ங்கற பேச்சு வந்ததும், "20 மீட்டருன்னா எவ்வளவுன்னு உனக்குத் தெரியுமா மாப்ளே"ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுட்டார். 65 அடிக்கு மேல வருது. 25 அடிக்கு ஒரு தென்னைன்னா மூணு வரிசை. 300 அடி நீளத்துக்கு 36 மரம். அதுல ஒரு மரத்தைத் தட்டிக்கிட்டே, "இது என்ர அப்பன் வச்சது"ன்னார்.

கேஸ் வேண்டாம்னு நான் சொல்ல வரலை. திருப்பூர்ச் சாயப் பட்டறையில மழைக்காலத்துல ஈர விறகைப் போட்டுட்டு, பாய்லர்ல நீராவி ஏறாம, நனைஞ்ச துணியை வச்சுக்கிட்டு ஆளுங்க நிக்கறதைப் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். புகையில அவங்க கண்ணு செவந்து கிடக்கும். அந்தப் பட்டறைக்குக் குழாயில கேஸ் வந்தா எனக்கும் சந்தோஷம்தான்.

அந்த கேஸ் வர்ற வழியைப் பாருங்க. கத்தார் மாதிரி நாடுகள்ல மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வச்சுத் திரவமாக்கறாங்க. 600 பங்கு இடம் ஒரு பங்காச் சுருங்கிடும். அதைக் கப்பல்ல ஏத்தறாங்க. கொச்சி புதுவைப்புல 2013ல ஓட ஆரம்பிச்ச முனையத்துல இறக்கி, மறுபடி வாயுவாக்கிக் குழாயில விடறாங்க. கத்தாரோட 2024ல போட்ட ஒப்பந்தம் 2048 வரைக்கும் போகுது. விலை கச்சா எண்ணெயோட சேர்ந்து ஏறி இறங்கும். விக்கிறவனுக்கு, கப்பல்காரனுக்கு, முனையத்துக்கு எல்லாம் அளவுக்கு ஏத்த காசு. குழாய்க்காரனுக்கும் அப்படித்தான், போற ஒவ்வொரு யூனிட்டுக்கும் கட்டணம் உண்டு. அதை ஒழுங்குமுறை வாரியம் நிர்ணயிக்குது.

நிலத்துக்காரனுக்கு மட்டும் ஒரே தடவை. குழாய் பதிக்கறதுக்கான 1962 சட்டப்படி அன்னைக்குச் சந்தை மதிப்புல 10 சதவீதம், மரம் பயிர் சேதத்துக்குத் தனியாக் கொஞ்சம். அதோட சரி. பட்டா அவன் பேர்லயே இருக்கும், வரியும் அவனே கட்டணும். ஆனா அந்தப் பட்டையில கிணறு வெட்டக் கூடாது, வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கவும் கூடாது. கடலை, சோளம் போட்டுக்கலாம். தென்னையை நம்பிப் பொழைக்கிறவன்கிட்டப் போய் இதைச் சொல்லிப் பாருங்க.

2013ல கோவையில இருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் ஏழு மாவட்டத்து விவசாயிங்க ரோட்டுல நின்னது இதுக்காகத்தான். குழாயை நெடுஞ்சாலை ஓரமாக் கொண்டு போங்கன்னு மாநில அரசும் சொல்லுச்சு. ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து பண்ணுச்சு, 2016ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிருச்சு. 2014 ஜூன்ல ஆந்திராவுல நகரம்ங்கற கிராமத்துல கேஸ் குழாய் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. அதைப் பார்த்தவனுக்குப் பயம் இல்லாம எப்படி இருக்கும்? கோர்ட்டு சட்டத்தைத்தான் பார்க்கும், சரி. சட்டத்தை மாத்த வேண்டியது டெல்லி.

ரோடு இருக்கிற இடத்துல ரோட்டோரமாப் போகட்டும். வழியே இல்லாம தோட்டத்துக்குள்ள போனா வருஷா வருஷம் குத்தகை குடுங்க. குழாய்க்காரன் வாங்கற கட்டணத்துல நிலத்துக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கி, குழாய் மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும் பட்டாதாரர் கணக்குல நேரா வரட்டும். நம்ம பக்கம் ஒரு ஏக்கர் மஞ்சள் காட்டை ஒருத்தன்கிட்ட விட்டாக்கூட வருஷக் குத்தகை பேசாம விடமாட்டோம். 36 மரத்துக்கு ஏனுங்க பேசக் கூடாது?