பழுப்பு நிலக்கரி மலிவு என்று சொல்வதற்கு முன்னால்

சுரங்கம் பார்க்கப் போன நண்பர் ஒருவர் எனக்கு ஒரு துண்டு பழுப்பு நிலக்கரி கொண்டுவந்து கொடுத்தார். வந்த அன்று அது நனைந்த மரக்கட்டை போல இருந்தது. நகத்தால் கீறினால் கோடு விழும். ஒரு பக்கத்தில் மரத்தின் நார் அப்படியே தெரிந்தது. இதன் இன்னொரு பெயரான லிக்னைட் என்பதே மரத்தைக் குறிக்கும் லிக்னம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று படித்திருந்தேன். கையில் பிடித்த பிறகுதான் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரிந்தது.

மேசை மேல் வைத்தேன். ஒரு வாரத்தில் அங்கங்கே வெடிப்பு விட்டது. அப்புறம் ஓரங்கள் உதிர்ந்தன. கடைசியில் சில்லும் தூளுமாகக் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. உள்ளிருந்த ஈரம் போனது, அவ்வளவுதான்.

இந்த எரிபொருளைப் பற்றிய பேச்சை ஈரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. "மேலாக வெட்டி எடுக்கலாம், டன் கணக்கில் மலிவு" என்று தொடங்குபவர்கள் பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் பாதி மக்கி உருவாகும் பீட்டுக்கும் கருப்பு நிலக்கரிக்கும் நடுவில் நிற்பது இது. மண்ணுக்கடியில் இன்னும் போதுமான அழுத்தமும் சூடும் படாத கரி. அதனால்தான் இவ்வளவு தண்ணீர். வெட்டி எடுக்கும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு சாதாரணமாக இருக்கும், பாதியும் இருக்கும். ஆஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கில் 60 சதவீதத்தையும் தாண்டும். நல்ல கருப்பு நிலக்கரி கிலோவுக்கு 24 மெகாஜூலுக்கு மேல் வெப்பம் தரும்போது, இது பெரும்பாலும் 10 முதல் 20 வரைதான் தரும்.

ஒரு கிலோவில் அரைக் கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 1.2 மெகாஜூல் போய்விடும். மீதி அரைக் கிலோ தரும் வெப்பமே 12, 13 மெகாஜூல்தான். பத்தில் ஒரு பங்கு, தன் ஈரத்தைத் தானே காய வைப்பதில் தீர்ந்துவிடுகிறது. மின்நிலையங்களில் உலையிலிருந்தே சூடான புகையை அரவை ஆலைக்கு இழுத்து, கரியை அரைக்கும்போதே காய வைக்கிறார்கள். அந்த நீராவியும் உலைக்குள்தான் போகிறது. அதனால் கொதிகலனையும் பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

அதனால்தான் இதைத் தூரத்துக்குக் கொண்டுபோவதும் கட்டாது. பாதி தண்ணீருக்கு யார் ரயில் கூலி கொடுப்பார்கள்? சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையம் கட்டி, கன்வேயர் பெல்ட்டில் நேராகக் கொட்டுகிறார்கள். குவித்து வைப்பதும் ஆபத்து. காற்றுப் பட்டாலே மெல்லச் சூடேறித் தானாகப் பற்றும் குணம் இதற்கு உண்டு. பற்றிவிட்டால் அணைப்பதும் லேசல்ல. 2014இல் ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் சுரங்கத்தில் காட்டுத்தீ தொற்றி 45 நாள் எரிந்தது. பக்கத்திலிருந்த மோர்வெல் ஊர் மக்கள் அத்தனை நாளும் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். டன் கணக்கில் மலிவு என்று சொல்லும்போது அந்த நாட்களை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

இதன் நல்ல குணங்களையும் சொல்லத்தான் வேண்டும். எளிதில் ஆவியாகும் பொருள்கள் அதிகம் இருப்பதால் சட்டென்று பற்றிக்கொள்ளும். சில இடங்களில் சாம்பல் மிகக் குறைவு. படிவங்கள் தடிமனாக, அதிக ஆழமில்லாமல் கிடப்பதால் ராட்சத இயந்திரங்களை இறக்கி வெட்டலாம். ஜெர்மனியின் பேகர் 293 என்ற வாளிச் சக்கர இயந்திரத்தின் எடை மட்டும் 14,200 டன். ஆனால் அப்படி வெட்டுவதற்கு மேல்மண்ணை முழுக்க அள்ளியாக வேண்டும், நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தாக வேண்டும், சில நேரம் ஊரையே காலி செய்தாக வேண்டும்.

புகைக் கணக்கும் இதற்குச் சாதகமாக இல்லை. ஒரே அளவு வெப்பத்துக்கு, அதாவது ஒரு ஜிகாஜூலுக்கு, இயற்கை எரிவாயு 56 கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, கருப்பு நிலக்கரி 95 கிலோ, பழுப்பு நிலக்கரி 101 கிலோ. வெப்பத்தை மின்சாரமாக மாற்றுவதிலும் இது பின்தங்குவதால், யூனிட் கணக்கில் பார்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

எரிப்பதுதான் முடிவு என்றால், முதலில் காய வைத்து எரியுங்கள் என்பேன். ஜெர்மனியின் நீடராவ்ஸம் மின்நிலையத்தில் கரியை நீராவியால் உலர்த்தி, அதிலிருந்து கிளம்பும் ஆவியின் வெப்பத்தையும் திரும்பப் பிடிக்கும் முறையைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். வழி இருக்கும்போது ஈரத்தோடு உலையில் கொட்டுவது எனக்கு வீண் செலவாகவே படுகிறது.

எரிப்பதைத் தவிரவும் இதற்கு வேலை உண்டு. 1927இலேயே ஜெர்மனியின் லொய்னாவில் இதிலிருந்து பெட்ரோல் தயாரித்தார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 1984 முதல் ஒரு ஆலை இதை எரிவாயுவாக மாற்றிக் குழாயில் அனுப்பிவருகிறது. சில படிவங்களிலிருந்து மாண்டன் மெழுகு கிடைக்கிறது, ஷூ பாலிஷ் வரைக்கும் அது போகும். மண்ணை வளப்படுத்தும் ஹியூமிக் அமிலத்தை எடுப்பதும் பெரும்பாலும் இதிலிருந்தும் இதன் உறவான லியோனார்டைட்டிலிருந்தும்தான்.

என் மேசையில் உதிர்ந்த அந்தத் தூளைக் கடைசியில் தொட்டி மண்ணில் கலந்தேன். நார் தெரிந்த ஒரு சில்லை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது அது தக்கை போல லேசாக இருக்கிறது.