கடைசிப் பந்திக்கு அனுப்பியவர்களுக்கு

பாலக்கோடு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் நடந்ததைப் பாதிப் பேர் பார்த்தீர்கள், மீதிப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். "கடைசிப் பந்தியில் உட்காரலாமே தம்பி" என்று என் அண்ணன் மகனிடம் எவ்வளவு பரிவாகச் சொன்னார்கள்! அவன் நோய் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமாம்.

அவனுக்கு வந்த கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் ஒட்டாது. முதலில் வந்தது நிமோனியா. மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி. அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள், ஆள் மாறிப்போய்ச் சொந்த நரம்புகளையே தாக்கியது. நீங்கள் சொன்னதுபோல் சளி நரம்புக்குள் இறங்கவில்லை பெரியப்பா. லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருவது இது. ஒட்டாது.

"நிமோனியா ஒட்டுமே?" இருமலில் பரவலாம், சரி. அது குணமாகி மாதங்கள் ஆகின்றன. "2025இல் புனேயில் இதே நோய் அத்தனை பேருக்கு எப்படி வந்தது?" அங்கும் பரவியது வயிற்றுக் கிருமி, நரம்பு நோய் பரவவில்லை. "ஊசி போட்டதால்தான் கால் விழுந்தது" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

தக்காளி மண்டியில் பெட்டி தூக்கியவன் அவன். பாதம் மரத்தது, முழங்கால் மடங்கியது, பிறகு கையும் தளர்ந்தது. எண்ணெய்க் கட்டுப் போடச் சொன்னவர்களும் நீங்கள்தான். இந்தத் தளர்ச்சி மூச்சுத் தசைக்கு ஏறினால் வென்டிலேட்டர் வேண்டும். அண்ணி யார் பேச்சையும் கேட்காமல் சேலத்துக்குக் கிளம்பினார். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் ஊர்ந்தபோது, மகன் மார்பில் கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள். படுக்கையிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து, இப்போதுதான் கைத்தடியோடு வெளியே வருகிறான். வந்த முதல் கல்யாணம் இது.

குடும்ப விஷயத்தைப் பொதுவில் எழுதலாமா என்று கேட்பீர்கள். நூறு பேர் பார்க்க இலையிலிருந்து எழுப்பியது மட்டும் வீட்டுக்குள் நடந்ததா? பெரியவர் மனம் புண்படுமாம். அவன் மனம் என்ன கருங்கல்லா? ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்கள் சுகாதாரம் பேசுகிறார்கள்.

அவன் கைத்தடியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு மேடையேறி நீட்டிய மொய்க்கவரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டீர்களே, அதில் ஒட்டியிருக்காதா? தை மாதம் எங்கள் வீட்டில் காதுகுத்து. பத்திரிகை வைக்க அவன்தான் வருவான். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.